ஐம்பத்தொரு விநாடிக்குப் பிறகு

அந்தக் காணொளி ஐம்பத்தொரு விநாடி ஓடும். ஒரு மனிதர் ஐஸ் உடைக்கிற இரும்புக் கம்பியோடு எங்கள் கோப்பிக் கடைக்குள் வருகிறார். கோப்பி அரைக்கும் மெசினை அடிக்கிறார். மேசையை அடிக்கிறார். கோப்பைகள் பறக்கின்றன. என் கணவர் கையை உயர்த்துகிறார், அந்தக் கையிலும் அடி விழுகிறது. எலும்பு முறிந்த சத்தம் அதில் கேட்காது. என் மகள் கத்துவதுதான் கேட்கும். கணவர் கீழே விழ, அவருடைய தலைக்கு மேலே கம்பி மறுபடி உயர்கிறது. அதோடு படம் நிற்கிறது.

நான் அதில் இல்லை. நான் வருவது அதற்குப் பிறகு. அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

அந்த ஐம்பத்தொரு விநாடியை வைத்துத்தான் அந்த மனிதரை, எங்கள் அடுத்த வளவு வீட்டு அண்ணையை, விளக்கமறியல் சிறையில் போட்டார்கள். உயர்ந்த கம்பியோடு நிற்கும் படத்தைப் பார்க்கிறவன் அடுத்தது கொலை என்றுதான் நினைப்பான். பொலிசும் அப்படித்தான் எழுதியது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறந்தால் அவர் வெளியே வரலாம், நான் உள்ளே போகலாம். திறக்காவிட்டால் எல்லாம் இருக்கிறபடி இருக்கும். எனக்கு இரண்டரை வயதில் ஒரு மகள்.

எங்கள் கடை திருகோணமலையில், உள்துறைமுக வீதியில் இருந்து பிரிகிற ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டின் முன்பக்கம் கடை, பின்னறையில் வறுக்கும் மெசின். கணவர் முன்பு கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வெளிநாட்டவர்களுக்குக் கோப்பி போட்டவர். அங்கே பிடித்த பைத்தியம் இது. எனக்குப் பிறகு பிடித்தது, ஆனால் கூடப் பிடித்தது. வெள்ளவத்தையிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் எங்களைப்போல் சிறு கடை வைத்திருந்தவர்கள் ஏழு பேர் ஒன்றாகச் சேர்ந்திருந்தார்கள். மலைநாட்டில் வீட்டுத் தோட்டத்தில் கோப்பி வளர்க்கிற சிலரும் அவர்களோடு. நாங்கள் அதை வட்டம் என்போம். கொட்டை எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று தெரியாமல் அந்த வட்டத்தில் யாரும் கோப்பி விற்பதில்லை. பஸ்ஸில் பார்சலாக மாதிரிகள் வரும். கடிதங்களும் புள்ளித்தாள்களும் எழுதுவது என் வேலை. கணவரைவிட எனக்குத்தான் எழுத்து வரும்.

சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடையில் ருசி பார்த்துப் புள்ளி போட மேசை போடுவார்கள். ஒவ்வொரு கடையும் தன் கோப்பியைக் கொண்டுவரும். யாருடையது எது என்று தெரியாதபடி கோப்பைக்கு அடியில் எண் மட்டும் எழுதியிருக்கும். அரைத்த தூளின் மேல் சுடுதண்ணீர் ஊற்றி நான்கு நிமிடம் விட்டு, மேலே கட்டியிருக்கும் ஆடையைக் கரண்டியால் உடைத்து மணப்பார்கள். பிறகு ஒவ்வொரு கரண்டியாகச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கப் படவிட்டு, கையில் இருக்கும் கடதாசிக் கோப்பைக்குள் துப்புவார்கள். குடித்தால் இருபதாவது கோப்பையில் நெஞ்சு படபடக்கும், நாக்கும் சொல்லுக் கேட்காது. அதனால் துப்ப வேண்டும். முதல் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்தச் சத்தத்தில் மற்றவர்களை வென்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் கோப்பியைக் கறுக்க வறுப்பதில்லை. பழத்தின் புளிப்பு அதில் மிஞ்சியிருக்க வேண்டும். ஊரில் புளித்த கோப்பி என்றால் பழுதான கோப்பி. வட்டத்தில் அது பாராட்டு.

அந்த மாதம் மேசை முதல் தடவையாகத் திருகோணமலைக்கு வந்தது. எங்கள் கடைக்கு. கணவர் பின்னறைச் சுவருக்கு இரண்டு தரம் வெள்ளை மை அடித்தார். கண்டியில் கடை வைத்திருக்கும் அம்மா வந்தார். வட்டத்தில் எல்லாருக்கும் நாக்குப் பழக்கியவர் அவர்தான். கொழும்பில் இருந்து, எதையும் படம்பிடித்துப் போடுகிற ஒரு தம்பி வந்தான். இன்னும் நான்கு பேர். முதல்நாளே வந்து கடற்கரையில் தங்கினார்கள். சீனன்குடாவில் இரயில் நின்றபோது எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துவிட்டு, “இதுல எதுல உங்க கோப்பி இருக்கு?” என்று அந்த அம்மா தொலைபேசியில் பகிடி விட்டார்.

மேசை நாள் காலையில்தான் அடுத்த வளவில் ஒப்பாரி கேட்டது.

இறந்தது அண்ணையின் தம்பி. முதுகில் காற்றுத் தாங்கி கட்டிக் கடலட்டை பிடிக்க முழுகுகிறவர். கல்யாணம் ஆகவில்லை. திரியாய்ப் பக்கக் கடலில் முதல்நாள் முழுகி மேலே வந்தவருக்கு மூட்டெல்லாம் வலி, பிறகு கால் விளங்கவில்லை, விடியும்போது ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. படகை ஓட்டியவர் அண்ணை. ஒருதரம் கூடுதலாக முழுகச் சொன்னவரும் அவர்தான் என்று ஒழுங்கை முழுக்கக் கதை.

“நிப்பாட்டுவமோ?” என்று கணவரைக் கேட்டேன்.

“அந்த அம்மா கண்டியில இருந்து வந்திருக்கிறா.”

“செத்த வீட்டுக்குப் பக்கத்திலயப்பா…”

“முன் கதவைச் சாத்திப்போட்டுப் பின்னறையில சத்தமில்லாமல் செய்வம். பத்து மணிக்குத்தான் பிரேதம் வருமாம். பிறகு நான் போய் நிக்கிறன்.” கொஞ்சம் நின்று, “நீ என்ன சொல்லுறாய்?” என்றார்.

நான் நிறுத்துவோம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டவர். நான் சொன்னது, “அப்ப நான் அவைக்குக் கோப்பி ஊத்திக் குடுத்திட்டு வாறன்.” கடமையைச் செய்துவிட்டால் மற்றதைச் செய்யலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு எப்போதும் ஓடும். நல்ல பிள்ளையாக வளர்ந்தவளின் கணக்கு.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலார்தான் கோப்பி, தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். கறுக்க வறுத்த கொட்டையோடு வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் சேர்த்து இடித்த தூள், சீனி அள்ளிப் போட்டு, தொண்டையைச் சுடுகிற மாதிரி. அந்தத் தூள் எங்கள் குசினியில் ஒரு பேணி நிறைய இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மேசைக்கென்று வைத்திருந்த மலைநாட்டுக் கோப்பியை எடுத்தேன். ஒரு தாய் தன் கையால் பறித்து, காயவைத்து, எங்களை நம்பி அனுப்பியது. எங்களிடம் இருந்ததில் அதுதான் நல்லது, நல்லதைத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பெருமையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சீனி போடவில்லை. இப்படிப்பட்ட கோப்பிக்குச் சீனி போடுவது எனக்குக் கை வராமல் போய் நாளாகிவிட்டது. மூன்று பெரிய பிளாஸ்க்கில் ஊற்றி அவர்களுடைய வாசல் படலையடியில் கொடுத்தேன். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அழுத கண்ணோடு என்னைப் பார்க்காமலே வாங்கினார்.

“தா பிள்ளை,” என்றார். “நீயெண்டாலும் நினைச்சியே.”

பின்னறையில் மேசை தொடங்கியது. மகளை எங்கே விடுவது என்று தெரியாமல் மேசைக்குக் கீழே ஒரு கரண்டியோடு இருத்தினேன். அறை அவிந்தது. அவளுக்கு முகமெல்லாம் வியர்வை. ஒழுங்கைப் பக்க யன்னலைத் திறந்தேன். அதுவும் நான்தான்.

இரண்டாம் சுற்றில் எல்லாரும் செத்த வீட்டுக்குப் பக்கத்து மேசை என்பதை மறந்துவிட்டார்கள். உறிஞ்சும் சத்தம் கூடியது. கண்டி அம்மா ஒரு கரண்டியை உறிஞ்சித் துப்பிவிட்டு, “இதை வறுத்தவங்க கல்யாணத்துக்கு லேட்டாயிடுச்சுன்னு அவசரப்பட்டிருக்காங்க,” என்றார். எல்லாரும் சிரித்தோம். அது அவருடைய கோப்பியேதான் என்று கோப்பையைத் தூக்கி அடியில் எண்ணைப் பார்த்ததும் இன்னும் சிரித்தோம். அப்போது யன்னலில் அக்காவின் முகம். கையில் எங்கள் பிளாஸ்க். நான் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன். இன்னும் கோப்பி கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கேட்க வந்தது, இது ஏன் புளிக்கிறது என்று. பந்தலில் இருந்த ஆம்பிளைகள் ஒவ்வொருவராக அதை நிலத்தில் துப்பியிருக்கிறார்கள். அவர் கண்டது, ஏழெட்டுப் பேர் சிரித்துச் சிரித்துக் கோப்பியை வாயில் எடுத்துக் கோப்பைக்குள் துப்புவதை. மேசையில் அந்தக் கோப்பைகள் வரிசையாக நிறைந்திருப்பதை. வேறு என்ன நினைப்பார்? நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

முகம் மறைந்தது. ஒழுங்கையில் ஓடும் சத்தம். பிறகு முன் கதவின் தாழ்ப்பாள் உடைந்தது.

“துப்பின கோப்பியையோடா குடுத்தனீங்கள்? என்ர தம்பிக்கு! என்ர தம்பியின்ர செத்த வீட்டுக்கு!”

அண்ணைக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள், அவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். கம்பி ஈரமாக இருந்தது. பிரேதத்துக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார்.

“அண்ணை, அது வேற, இது வேற, ஒருக்காக் கேளுங்கோ…” என்று கணவர் முன்னால் போனார்.

“நாய்க்குப் பிறந்தவங்களே!”

அரைக்கும் மெசின் முதல் அடியில் சரிந்தது. கண்டி அம்மா சுவரோடு தள்ளுண்டு கையை ஊன்ற, உடைந்த கண்ணாடி உள்ளங்கையில் ஏறியது. மற்றவர்கள் குசினி வழியாக ஓடினார்கள். கம்பி மேசைக்கு நடுவில் இறங்கியது. அந்தப் பலகைக்கு அடியில் என் பிள்ளை இருந்தாள். பலகை பிளந்தது, பீங்கான் துண்டுகள் அவளுடைய தலைமயிருக்குள் கொட்டின. அவள் கத்திய கத்து மனிதப் பிள்ளையுடையதுபோல் இல்லை. நான் மேசைக்குப் பின்னால், படத்தில் விழாத பக்கம் குனிந்து அவளைக் காலில் பிடித்து இழுத்தேன். காது மடலில் இரத்தம். எனக்குப் பின்னால் கணவரின் கை முறிந்தது. அதைக் கேட்டேன். பச்சைத் தடி முறிகிற மாதிரி இல்லை, காய்ந்தது முறிகிற மாதிரி.

பிறகு நடந்ததை நான் நெடுங்காலம் குழப்பமாகவே நினைவில் வைத்திருந்தேன். குழப்பமாக வைத்திருப்பது வசதியாக இருந்தது. நினைவில் இருந்தது இதுதான்: மூன்றாம் சுற்றுக்குத் தண்ணீர் கொதித்து நின்ற பெரிய கேத்தில் என் கையில் இருந்தது. பிறகு அது வெறுமையாக இருந்தது. அண்ணை “அம்மா” என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினார்.

கணவர் முகத்தை நிலத்தில் புதைத்துக் கிடந்தார். தண்ணீர் எப்படி ஊற்றுப்பட்டது என்று அவர் கேட்கவில்லை. கேத்தில் சரிந்தது என்று நினைத்திருக்கலாம். நான் சொல்லவும் இல்லை.

பொலிஸ் வந்தது. கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை, சடங்கு முடியட்டும் என்று அயலார் கேட்க, விட்டுவிட்டுப் போனார்கள். கணவரின் தமையன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பிள்ளையின் தலையில் இருந்து பீங்கானைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அங்கால் பறை அடித்தது. மதிலடிக்குப் போய் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

முற்றத்தில் அண்ணையை வேட்டியோடு நிற்கவைத்திருந்தார்கள். மேலில் ஒன்றும் இல்லை. பிடரியில் இருந்து இடுப்புவரை முதுகு சிவந்து, சில இடத்தில் முட்டை முட்டையாகப் பொங்கி, சில இடத்தில் தோல் ஈரக் கடதாசிபோல் சுருண்டிருந்தது. கிரியைக்கு முன் அவர் குளிக்க வேண்டும். ஒருவர் குடத்தைத் தூக்கித் தலையில் ஊற்றினார். தண்ணீர் முதுகில் இறங்கியது. அவர் பல்லைக் கடித்ததில் கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் குடம். மூன்றாம் குடம். ஐயர் பூணூலைப் போட்டபோது அது அந்தத் தோலில் ஒட்டியது. அவர் நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பிரேதத்துக்கு முன்னால் நடந்துபோனார். ஒழுங்கை முழுக்க அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனது.

அடுத்தநாள் காணொளி வந்தது. மேசையைப் படம்பிடிக்கவென்று கொழும்புத் தம்பி அலுமாரியின் மேல் தொலைபேசியை வைத்திருந்தான். அது எல்லாவற்றையும் பிடித்துவிட்டது.

“அக்கா, ஒண்ணும் யோசிக்காதீங்க,” என்று அழைத்துச் சொன்னான். “கடைசித் துண்ட நான் கட் பண்ணிட்டேன். அது வெளிய போனா உங்களுக்குத்தான் பிரச்சினை.”

எந்தத் துண்டு என்று நான் கேட்கவில்லை. “தாங்ஸ் தம்பி,” என்றேன்.

இரண்டு நாளில் வட்டத்தின் ஏழு கடையிலும் குப்புறக் கவிழ்த்த கோப்பையின் படம் ஒட்டினார்கள், எங்களுக்காக. முன்பின் தெரியாத கடைக்காரர்கள் எல்லாம் எழுதினார்கள். யாழ்ப்பாணத்துக் கடையில் இருந்து தங்களுடைய அரைக்கும் மெசின் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்பு தாங்க முடியாமல் இருந்தது. காணொளிக்குக் கீழே அண்ணையைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும், அந்தக் கம்பியாலேயே அடிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நல்ல கோப்பியைப் பற்றி மெல்லிய சொற்களால் எழுதுகிறவர்கள்தான். பொலிஸ் வந்து அண்ணையைக் கூட்டிப்போனது. கணவரின் தமையன் சந்தோசமாக வந்து கதிரையில் இருந்தார்.

“கொலை முயற்சி எண்டு போட்டாச்சு. இனி லேசில பிணை இல்லை. வெளிய வந்தாலும் எங்கட பொடியள் நாலு பேர் நிக்கிறாங்கள், காலை முறிச்சுத்தான் விடுவாங்கள்.”

கணவர் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “ஓம்,” என்றார். சண்டை என்றால் அந்தப் பக்கமே போகாதவர் அவர்.

அவரைக் கூட்டிப்போன மூன்றாம் நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையைக் கொண்டுபோனால் அடிக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் தூக்கினேனோ என்று பிறகு பலமுறை யோசித்தேன். அக்கா வாசற்படியில் இருந்தார்.

“என்னத்துக்கு வந்தனி?”

“அண்ணைக்கு எப்பிடி அக்கா?”

“அழுகுது. முதுகு அழுகுது. உள்ள குப்புறப் படுக்க இடமில்லையாம், நிண்டபடி நித்திரையாம். பாக்கப்போறியே?”

“அவர் பொலிசில சொல்லேல்லையே, நான்தான்…”

“சொல்லுவாரே அவர்? பொம்பிளை ஒருத்தி சுடுதண்ணி ஊத்திக் கலைச்சவள் எண்டு சொன்னால் கடற்கரையில ஒருத்தரும் மதிக்கமாட்டாங்களாம். தானே போய்க் கேத்தில்ல விழுந்ததாம். அந்த வெக்கத்துக்கு மறியல் பறவாயில்லையாம்.” எழுந்து எனக்குக் கிட்ட வந்தார். “இப்ப ஒண்டு மட்டும் சொல்லு. துப்பினியளோ இல்லையோ?”

“இல்லை அக்கா. என்ர பிள்ளை மேல ஆணை. உங்களுக்குத் தந்தது தனியா ஊத்தினது.”

“அப்ப ஏன் புளிச்சது?”

சொன்னேன். பழத்தைப் பற்றி, மலையைப் பற்றி, குறைய வறுப்பதைப் பற்றி. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்டது. நல்லதை எடுத்து ஊற்றினேன் என்றேன்.

“பிணத்தை வைச்சுக்கொண்டிருக்கிறவளுக்கு நீ பழம் காட்டினனியோ?” என்றார். “வேர்க்கொம்பு ஒரு துண்டு போட்டுத் தர ஏலாதோ உனக்கு?” கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார். மகள் என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த கன்னத்திலும் அறைவார் என்று நின்றேன். அவர் பிள்ளையின் காதில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து கொழும்புத் தம்பியிடம் முழுக் காணொளியையும் கேட்டேன்.

“அக்கா, அது வேணாம். வட்டத்துக்கே கெட்ட பேரு.”

“தம்பி, அதில இருக்கிறது நான். அனுப்பும்.”

அனுப்பினான். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தேன். ஐம்பத்தொரு விநாடியில் கம்பி தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு இறங்குகிறது. அடியாக அல்ல, தானாகத் தாழ்ந்து அதன் முனை நிலத்தைத் தொடுகிறது. அண்ணை திரும்புகிறார். வாசலைப் பார்த்து ஒரு அடி வைக்கிறார். படத்தில் முதுகு முழுவதும் தெரிகிறது. அப்போது நான் வருகிறேன். இரண்டு கையாலும் கேத்திலைப் பிடித்திருக்கிறேன். என் முகத்தில் கோபமோ பயமோ இல்லை. மேசையில் கோப்பைகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஒரு துளியும் வெளியே போகக்கூடாது என்று வைத்திருப்பேனே, அந்த முகம். நான் எறியவில்லை. பிடரியில் தொடங்கிக் கீழே வரைக்கும் ஊற்றியிருக்கிறேன்.

ஐந்து தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பாமல் இருந்திருக்கக்கூடாதா என்று பார்த்தேன்.

கணவருக்குக் காட்டினேன். கடைசியில் அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“நான் பொலிசுக்குப் போகப்போறன்,” என்றேன்.

“உனக்கு விசரே? உன்னைப் பிடிச்சு உள்ள போட்டால் பிள்ளையை ஆர் பாக்கிறது? ஒரு கையால நான் என்னத்தைச் செய்ய?”

“அவர் கொல்ல வரேல்ல. திரும்பிட்டார்.”

“என்ர கையை முறிச்சுப்போட்டுத்தானே திரும்பினவன்!” நல்ல கையில் அகப்பட்ட கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தார். புது மை அடித்த சுவர். பிள்ளை ஓடிப்போய் மேசைக்குக் கீழே ஒளிந்தாள். அந்த இடம் இன்னும் தனக்குக் காவல் என்று நினைத்தாள். அவரும் அதைப் பார்த்தார். நிலத்தில் இருந்து அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை. தேற்றினால் போகமாட்டேன் என்று தெரியும்.

பொலிசில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். எழுதியவர் நடுவில் பேனையை வைத்தார்.

“விளங்கித்தான் சொல்லுறியளோ? இது உங்களுக்கு எதிரான வாக்குமூலம்.”

“ஓம்.”

“அவர் திரும்பினதுக்குப் பிறகுதான் ஊத்தினனீங்கள்?”

“ஓம். திரும்பினதுக்குப் பிறகு.”

“உங்களுக்குப் பயம், பிள்ளைக்கு இரத்தம், கண் தெரியேல்ல, அப்பிடி ஏதும்?”

நல்ல மனிதர். நான் தப்பிக்கக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். “கண் தெரிஞ்சது,” என்றேன்.

அன்றைக்கே என்னை நீதவானிடம் கொண்டுபோனார்கள். பிள்ளை இருந்தபடியால் பிணை கிடைத்தது. வழக்கு இருக்கிறது, இன்னும் தவணை தவணையாகப் போய்வருகிறேன். அண்ணையின் வழக்கில் கொலை முயற்சி என்பதை எடுத்துவிட்டார்கள். அடுத்த தவணையில் அவருக்கும் பிணை.

வட்டத்துக்கு நானே எழுதினேன். முழுக் காணொளியையும் போட்டேன். கவிழ்ந்த கோப்பைகளின் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. யாழ்ப்பாணத்து மெசின் வரவில்லை. கண்டி அம்மா மட்டும் எழுதினார்: “என் கையில் ஆறு தையல். நீ ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.” உண்மைதான். எல்லாருக்கும் செய்ய வேண்டியதைச் செய்வதில் மும்முரமாக இருந்த நான் அவரைக் கேட்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த மேசைக்கு எங்களுக்கு எண் தரவில்லை. மலைநாட்டுத் தாயின் கோப்பி மட்டும் இன்னும் எங்களிடம்தான் வருகிறது. அவர் காணொளி பார்க்கிறவர் அல்ல.

அண்ணை வந்த நாள் பின்னேரம் நான் வாசலில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். முச்சக்கர வண்டியில் பின்னால் சாயாமல், முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். வீட்டுக்குள் போகாமல் நேரே எங்கள் பக்கம் வந்தார். நான் பிள்ளையைப் பின்னால் தள்ளினேன்.

“ஏன் சொன்னனி?” என்றார்.

“நீங்கள் திரும்பிட்டியள் அண்ணை. விட்டிட்டுப் போகத்தானே திரும்பினனீங்கள்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆர் சொன்னது? கதவைச் சாத்தத்தான் திரும்பினனான்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெல்ல, தோளை அசைக்காமல். சட்டைக்கு வெளியே பிடரியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது.

அது உண்மையா, என் கையால் மீட்கப்பட்ட வெட்கத்தில் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. சில நாள் உண்மை என்று தோன்றும். அப்போது நான் என் கணவரின் உயிரைக் காப்பாற்றியவள், ஒன்றுமில்லாததற்குக் நீதிமன்றப் படி ஏறுகிறவள். சில நாள் பொய் என்று தோன்றும். அப்போது நான் வேறு ஆள். மறுபடி போய் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று பொலிசில் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். போகவில்லை. அவர் ஏன் திரும்பினார் என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. நானும் அதைச் சொல்லவில்லை. திரும்பியிருந்தார் என்று மட்டும்தான் சொன்னேன். பிள்ளைக்கு மிச்சச் சோற்றைத் தீத்தினேன். அவள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள்.